மூன்றில் ஒரு பங்கு காற்று

மறுபடியும் அது. நீளமாக, மெலிசாக, யாரோ பல்லிடுக்கு வழியே மூச்சை வெளியே விடுவது போல ஓர் ஓசை, வந்து, நின்றுவிட்டது. முதலில் ஷெரினுடைய மூச்சு என்றுதான் நினைத்தேன். குழந்தைக்கு நேற்றிலிருந்து சளி. குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தேன், அவள் மூச்சு அவள் மூச்சாகத்தான் இருந்தது, குட்டியாக, கொஞ்சம் சூடாக, பால் வாடையோடு. அப்படியென்றால் பக்கத்து வீட்டுக் குக்கர். ஆனால் மெகருன்னிசா அக்கா இருட்டுவதற்கு முன்பே சமையலை முடித்துவிடுவாள், குக்கர் இப்படிப் பெருமூச்சும் விடாது, கத்தும். பாம்போ. மழை விட்ட மார்கழியில் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துச் சாக்கடை ஓரம் வரும் என்று என் வீட்டுக்காரர் பிரிட்டோ சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு, "உன்னப் பாத்தா அதுவே ஓடிரும்" என்று சிரித்தும் இருக்கிறார். டார்ச்சை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் அடித்துப் பார்த்தேன். ஷெரினின் ஒற்றைக் காலுறையும் ஒரு சின்ன வெங்காயமும் கிடந்தன. வெங்காயம் இங்கே எப்படி வந்தது, தவழ்ந்து தவழ்ந்து சமையலறை வரைக்கும் போகிறாளா, அப்போது நான் எங்கே இருந்தேன், அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா. ஒரு பயத்தைத் தேடிப் போனால் இன்னொன்று கைக்குக் கிடைக்கிறது. இவள் பிறந்த பிறகு வீடு முழுக்க விளிம்புகளாகத்தான் தெரிகிறது, கட்டில் விளிம்பு, வாளி விளிம்பு, பிளக் பாயிண்டின் ஓட்டை. சொன்னால் பிரிட்டோ, "பிலோமி, எல்லா வீட்லயும்தான் பிள்ளைங்க வளருது" என்பார். வளருது. வளர்ந்தவர்களை மட்டும்தானே நாம் பார்க்கிறோம், வளராமல் போனவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது ஜன்னலருகே நின்றிருந்தேன். குழந்தையிடமிருந்து இல்லை, வீட்டுக்குள்ளிருந்தே இல்லை, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. இந்த சிமெண்ட் ஆலையின் சத்தமெல்லாம் கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம், சூளை உருளுகிற உறுமல், கன்வேயரின் கடகடப்பு, லாரி பின்னால் வரும்போது அடிக்கிற மணி. இவற்றுக்கு நடுவில்தான் ஷெரின் தூங்கப் பழகினாள், சூளை நின்றால் விழித்துக்கொள்வாள். இது அவற்றில் சேராத சத்தம். புது யூனிட் இருக்கும் மூலையிலிருந்து வருகிறது. காலனியில் அதற்குப் பெட்ரோல் இஞ்சின் என்று பெயர். "என்ன பிலோமி, உன் பெட்ரோல் இஞ்சின் இன்னைக்காவது ஒரு பல்பு எரிஞ்சிச்சா" என்று மெகரு அக்கா மதில்மேல் தலையை நீட்டிக் கேட்பாள். பெட்ரோல் இல்லை அக்கா, பெண்டேன், வாடைதான் அப்படி. சூளையிலிருந்து தகதகவென்று விழும் கல்லைக் காற்று ஊதி ஆற்றுகிறார்கள், அந்தக் காற்று சூடாகிப் புகைபோக்கி வழியே சும்மா வானத்துக்குப் போகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து டர்பைனைச் சுற்றவிட்டால் கட்டுப்படியாகாது, அவ்வளவு தெம்பில்லாத சூடு, தள்ளுபடியான சூடு. தண்ணீருக்குப் பதிலாகப் பெண்டேனை ஊற்றினால் அந்தச் சோம்பேறிச் சூடே போதும். அது கொதித்து, டர்பைனைத் தள்ளி, கண்டென்சரில் குளிர்ந்து மறுபடி திரவமாகி, பம்பு வழியே திரும்பிப் போய்த் திரும்பவும் கொதிக்கும், சுற்றிச் சுற்றி, ஒரு சொட்டு வெளியே போகாமல். இதைத்தான் திருச்சியில் கல்லூரி ஆய்வகத்தில் நாலு வருஷம் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை வயிறு மேஜையில் இடிக்க இடிக்க ஓட்டினேன். பெண்டேன் முப்பத்தாறு டிகிரியில் கொதித்துவிடும். தெர்மாமீட்டரை ஷெரினின் அக்குளில் வைத்து எடுத்தால் முப்பத்தெட்டு. இவள் நெற்றியில் ஒரு சொட்டு விட்டால் கொதித்து ஆவியாகிப் போய்விடும். ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது, யார் என் பிள்ளையின் நெற்றியில் பெண்டேனை விடப்போகிறார்கள்.

பிரிட்டோ மத்தியானம் சாப்பிட வந்தபோது கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. "ராத்திரி ஆகும். ஸ்டாண்ட்பை பம்புல சீல் ஒழுகுது, மாத்தணும். நாளைக்கு ஹெட் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க, யூனிட்ட நிறுத்தாமலே பண்ணுன்னுட்டாங்க" என்றார். பம்புகள் பள்ளத்தில் இருக்கின்றன, கண்டென்சருக்கு நேர் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். குளிர்ந்த திரவம் தானாக வழிந்து பம்புக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் பம்பு திணறும், அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று சொன்னது என் மாடல்தான். வெட்டின அன்று பிரிட்டோ ஏணியில் இறங்கி நின்று, மேலே கைக்குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்து, "பொண்டாட்டி வெட்டுன குழியில எறங்கிட்டேன் பாத்தீங்களா" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் அதைச் சொன்னார், இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது. அந்த இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது, யூனிட் கேட்டில் ஒரு பெட்டி, அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பித்தளை ஸ்பேனர்தான், இரும்பு கூடாது. எல்லாம் ஒழுங்குதான். கைவிளக்கு மட்டும். பொறி பறக்காத கைவிளக்கு ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர் சாவி குமரேசனிடம், குமரேசன் மாலை போட்டு நேற்று சபரிமலைக்குக் கிளம்பிவிட்டான். "சாவியும் இருமுடி கட்டிக்கிச்சு" என்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அப்ப எந்த லைட்டுங்க என்று கேட்டேன். "சாதா லைட்டுதான். அங்க கேஸ் எங்க இருக்கு, எல்லாம் பைப்புக்குள்ள பத்திரமா இருக்கு. உன் மாடல்ல ஒரு சொட்டு வெளிய வருதா, சொல்லு?" வரவில்லை. நாலு வருஷத்தில் ஒரு சொட்டு வந்ததில்லை. இன்னும் ஒரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

குளிர்கிறது. ஜன்னல் கம்பி நனைந்திருக்கிறது, விரலை வைத்தால் ஜில்லென்று எலும்புவரை போகிறது. மதியம் வரை மழை, அப்புறம் ஒரு இலைகூட அசையவில்லை, பனி இறங்கி வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பஞ்சு மாதிரி ஆக்கிவிட்டது. ஷெரினுக்கு மங்கி கேப் போட்டிருக்கிறேன். நம் ஆட்களுக்குக் குளிர் என்றால் மங்கி கேப், அதோடு சரி, குளிரைப் பற்றி யோசித்து முடித்தாயிற்று. என் ஆராய்ச்சி கைடு ராஜமாணிக்கம் சார் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வார், "நம்ம ஊருக்கு வெயில்தாம்மா எதிரி. மே மாசத்த ஜெயிச்சிட்டா எல்லாம் ஜெயிச்ச மாதிரி." மே மாதத்தை ஜெயிக்கக் கண்டென்சரை இரண்டு மடங்கு பெரிதாக்கினோம், விசிறிகளைக் கூட்டினோம். நாற்பத்தைந்து டிகிரிக்கு ஓட்டினேன், நாற்பதுக்கு, முப்பத்தைந்துக்கு, முப்பதுக்கு. இருபத்தைந்துக்குக் கீழே ஓட்டினால் மாடல் கணக்கை முடிக்காமல் சிவப்பில் கத்தியது. சார் எட்டிப் பார்த்தார். "இத யாரு கேட்டா. இது என்ன ஊட்டியா. கோட்ட அங்கயே வெட்டிரு." வெட்டினேன். படம் அழகாக, ஒரே சீராக, இருபத்தைந்தில் தொடங்கி வலப்பக்கம் ஏறிப் போனது. செல்போனில் இப்போது வெளியே பத்தொன்பது என்று காட்டுகிறது. பத்தொன்பது. படத்தில் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருக்கிறோம், ஆலையும், பிரிட்டோவும், நானும். முப்பத்தாறில் கொதிக்கிற ஒன்று முப்பத்தாறுக்குக் கீழே குளிர்ந்தால் என்ன ஆகும், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அப்போது ஒழுகுவது வெளியே ஒழுகாது. உள்ளே ஒழுகும். ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு சீலும் வெளிக்காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். மறுபடியும் அந்தப் பெருமூச்சு. இது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. உள்ளே சேரும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு சின்னப் பம்பு உண்டு, பர்ஜ் பம்பு, மாதத்துக்கு ஒருமுறை ஓடினால் அதிகம் என்று நாங்கள் எழுதிய பம்பு. நான் நின்ற இந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை தடவை ஓடிவிட்டது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். மணி அடிக்க அடிக்க, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு மனசு. ஷிப்ட் இன்சார்ஜ் திருவேங்கடம் சார்தான் எடுத்தார். "சொல்லுங்க மேடம், பிள்ளைக்கு ஜுரம்னு பிரிட்டோ சொன்னாப்ல, எப்படி இருக்கு?" பரவாயில்லை சார், மன்னிச்சுக்கங்க சார், ஒரு சந்தேகம் சார், பர்ஜ் பம்பு ஓடுதா. சிரித்தார். "வீட்டுக்கே கேக்குதா? சாயங்காலத்துலேருந்து விட்டு விட்டு ஓடுது மேடம். முதல்ல எப்பவாச்சும், இப்ப அடிக்கடி. ஒவ்வொரு தடவையும் அலாரம் வேற, காது போச்சு." கண்டென்சர் டெம்பரேச்சர் எவ்வளவு சார். "இருபத்தி நாலு. சூப்பரா ஆறுது." பிரஷர். "ஒண்ணு. கரெக்டா ஒரு பார். உங்க புரொபசர் எழுதிக் குடுத்த நம்பர் அப்படியே நிக்குது. ஆடல அசையல. பசங்ககிட்ட அதத்தான் காட்டிட்டு இருந்தேன், படிச்சவங்க கணக்குன்னா கணக்குதான்டான்னு." சார், யூனிட்ட நிறுத்திருங்க. "என்னது?" இருபத்தி நாலுல ஒண்ணு இருக்கக் கூடாது சார், பூஜ்யம் புள்ளி ஆறு ஐந்துதான் இருக்கணும், மீதி காத்து. மூணுல ஒரு பங்கு காத்து சார். "காத்து வந்தா வெளிய தள்ளத்தானே மேடம் பர்ஜ் இருக்கு." அதோட சேர்ந்து பெண்டேனும் வெளிய வருது சார். "கேஸ் டிடெக்டர் ஒண்ணும் சொல்லலியே." டிடெக்டர் தலை உயரத்துல இருக்கு சார், அது கனமான ஆவி, வெளிய காத்தே அடிக்கல, பனியில அப்படியே கீழ எறங்கும், அவரு பள்ளத்துல இருக்காரு, சாதா லைட்டு வச்சிருக்காரு. அப்புறம் குரல் மாறி வந்தது, கோபமில்லை, பொறுமை. "மேடம், நிறுத்துனா திரும்ப எடுக்க விடிஞ்சிரும். காலைல ஹெட் ஆபீஸ் வருது. யார் சொல்லி நிறுத்துனன்னு கேப்பாங்க. பிரிட்டோ வீட்டம்மா போன்ல சொன்னாங்கன்னு சொல்லவா?" கூட இருந்த யாரோ சிரித்தார்கள். அவர மட்டும் மேல வரச் சொல்லுங்க சார், அது போதும். "வாக்கி டாக்கி பள்ளத்துல எடுக்காது. டீ கொண்டு போறவன்கிட்ட சொல்லி அனுப்புறேன். நீங்க பிள்ளையப் பாருங்க. இந்த அலாரம் தொல்லைக்குப் பர்ஜ ஒரேயடியா ஓட விட்டுறலாம்னு இருக்கோம், அப்புறம் விட்டு விட்டுச் சத்தம் வராது, பாப்பா தூங்கும்." தேங்க்ஸ் சார், என்றேன்.

தேங்க்ஸ் சார் என்றேன். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை வாயில் கசந்தது. எதற்கு நன்றி. ஹாஸ்டலில் சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக் கொடுத்த பேச்சு இது, தொடக்கத்தில் ஒரு மன்னிப்பு, முடிவில் ஒரு நன்றி, சொல்ல வந்தது இரண்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும், அடங்காததைச் சொல்லக் கூடாது. ஸ்டாப் ரூம் வாசலில் நிற்க வேண்டும், கூப்பிட்டால்தான் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் மணி அடிக்கும், திரும்பி வகுப்புக்குப் போய்விடலாம். அன்று எதற்காகப் போனேனோ அது மறந்துபோயிருக்கும். எத்தனை தடவை போயிருப்பேன், எத்தனை விஷயம் மறந்திருப்பேன். ராஜமாணிக்கம் சாருக்குப் போன் போட்டேன், சென்னை ரயிலில் இருப்பார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எடுத்திருந்தால் அவரும் முதலில் சிரித்திருப்பார், பிலோமினா, நீ நல்லாத் தூங்குறியாம்மா என்று கேட்டிருப்பார். தூங்கவில்லை சார். பாம்புக்கும் பயம், வெங்காயத்துக்கும் பயம், இதுவும் அதே பயமாக இருந்துவிட்டால். பிள்ளை பெற்றவளின் பயம் என்று எல்லோரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயருக்குள் எதைப் போட்டாலும் அடங்கிவிடுகிறது. உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன், முதலிலிருந்து, ஷெரினின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் போடுவது போல, யாருடைய புருஷனும் அந்தப் பள்ளத்தில் இல்லாதது போல. இருபத்தி நாலில் பெண்டேனின் அழுத்தம். மனப்பாடம்தான், ஆனாலும் போட்டேன். புள்ளி ஆறு ஐந்து. காட்டுவது ஒன்று. மீதி புள்ளி மூன்று ஐந்து. உள்ளே எரியாது, எரிவதற்கு அங்கே காற்று போதாது, இதுவரை நல்லது. பர்ஜ் ஓடினால் அழுத்தம் இறங்கும், இறங்கினால் இன்னும் காற்று வரும், வந்தால் மறுபடி பர்ஜ் ஓடும், ஒவ்வொரு தடவையும் தள்ளுவதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்டேன். பர்ஜ் குழாய் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஊதித் தள்ளக் காற்று வீசவில்லை, பெண்டேன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். உருண்டு இறங்கும், தரையைத் தொட்டு, தாழ்ந்த இடத்தைத் தேடும். அங்கே தாழ்ந்த இடம் என்று ஒன்றுதான் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றோடு கலந்த பிறகு நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால்கூடப் போதும், ஒரு பல்பு உடைந்தால், ஒரு ஒயர் உரசினால். பயம் விடையை மாற்றவில்லை. பயம் இல்லாமல் போட்டாலும் இதே விடைதான் வருகிறது, பயம் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. டீக்காரன் கிளம்பியிருப்பானா. டீயே போடாமல் இருந்தால். சொல்ல மறந்துவிட்டால். அவன் போய், அண்ணே உங்க வீட்ல மேல வரச் சொன்னாங்க என்றால் இவர் சிரித்து, முடிச்சிட்டு வரேன்னு சொல்லு என்பார், எனக்குத் தெரியாதா இவரை.

அப்போது அது தொடங்கியது, நிற்கவில்லை. நிற்கும் நிற்கும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஒரே மூச்சு, முடியாத மூச்சு. திறந்தே விட்டுவிட்டார்கள். பின்வாசலுக்கு ஓடி மதில் பக்கம் நின்று, மெகரு அக்கா என்று கூப்பிட்டேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னடி, ஜுரம் ஏறிருச்சா? ஓம வாட்டர் வச்சிருக்கேன், கொண்டாரவா?" இல்லக்கா, நீங்க வாங்க, அடுப்பு எரியுதா உங்க வீட்ல, அணைச்சிட்டு வாங்க. வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "எங்க போற இந்தப் பனியில, நைட்டியோட?" யூனிட்டுக்குக்கா. நிறுத்தச் சொல்லணும். அவரு கீழ இருக்காரு. அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேலி செய்ய வாயெடுத்து விட்டுவிட்டாள். "கேஸா?" ஆமாக்கா. நீங்க எதையும் பத்த வைக்காதீங்க, ஜன்னலச் சாத்திக்கங்க, துணிய நனச்சுக் கதவுக்கு அடியில வைங்க. "அங்கதானடி, இங்கயுமா?" தெரியலக்கா, அத நான் கணக்குப் போடல. "உன்ன கேட்ல விடுவானா?" விடலன்னா கத்துவேன். "நீயா? கீரக்காரிகிட்ட மீதிச் சில்லறை கேக்கவே என்னக் கூப்புடுறவ." அவள் துப்பட்டாவை உருவி என் தோளில் போட்டாள். ஷெரின் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கையை நீட்டினாள், எடுத்தால் விட முடியாது, எடுக்கவில்லை. "போ. நான் பாத்துக்கறேன். நேரா அந்த வேங்கடத்தோட சட்டையப் புடி, மன்னிப்பு கின்னிப்புனு ஆரம்பிக்காத." வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை. மழையில் பலகை ஊதி, நிலையோடு சேராமல் விரலளவு இடைவெளி. உள்ளேயிருந்து அக்கா தாழ்ப்பாளைத் தள்ளுவது கேட்டது, இரும்பு ஓட்டையைத் தேடி மரத்தில் முட்டியது. "ஏறலடி. விடு, இப்படியே இருக்கட்டும், நீ ஓடு." இருக்கக் கூடாதுக்கா. இழுத்தேன். பனியில் கைப்பிடி வழுக்கியது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். உள்ளே ஷெரின் அழத் தொடங்கினாள். "இன்னும்" என்றாள் அக்கா. இழுத்தேன். "இன்னும் கொஞ்சம், புள்ள." மரம் முனகிக்கொண்டு நிலைக்குள் போனது, தாழ்ப்பாள் சறுக்கி உள்ளே விழுந்தது.